கெட்டித் தலையணை

பெட்டிக்காரம்மா என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். சொந்தப் பெயர் வேண்டுமென்றால் தேவாலயச் சபைப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும். வீட்டின் முன்னறை சவப்பெட்டிப் பட்டறை. அவள் வீட்டுக்காரரான மேஸ்திரி அங்கே பலகை அறுத்து, இழைப்புளியால் இழைத்து, பெட்டி கூட்டுவார். நடு அறையில் அவளுடைய தையல் மெஷின். உள்துணி, ஓரத்து லேஸ், தலைமாட்டுக்கு ஒரு சின்னத் தலையணை, இவை அவள் பொறுப்பு. இருபத்தெட்டு வருஷமாக அந்தச் சபையில் கண்மூடியவர்கள் கடைசியாகத் தலை சாய்த்தது அவள் தைத்ததன்மேல்தான்.

கை சுத்தமான கை. வாய்தான் சும்மா இருக்காது. பெட்டி சொல்ல வருகிறவர்கள் அழுது வீங்கிய முகத்தோடு வருவார்கள். போகும்போது பாதிப் பேராவது சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வெட்கப்பட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு போவார்கள்.

ஒருமுறை தகப்பனைப் பறிகொடுத்த ஒருவன் வந்தான். "தலையணை மட்டும் கொஞ்சம் மெத்துனு வச்சிருங்கக்கா. அப்பாவுக்குக் கழுத்து வலி உண்டு" என்றான்.

"வைக்கலாம் தம்பி. ஆனா கடைசி நாள்ல செத்தவங்களை எழுப்ப தூதன் எக்காளம் ஊதுறப்போ எழுந்திரிக்கணுமே. உங்கப்பா ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கே மூணாவது பாட்டுக்குத்தானே வருவாரு?"

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது. மெஷின் பலகைமேல் தலையைச் சாய்த்து, இரண்டு நாளாக வராத அழுகையை அழுதுவிட்டுப் போனான். முன்னறையில் இழைப்புளிச் சத்தம் நின்றது. மேஸ்திரி சத்தம் போட்டுச் சிரிக்கிற ஆள் இல்லை. இழைப்புளி நின்றால் சிரிக்கிறார் என்று அர்த்தம். அந்த நிறுத்தம் காதில் விழுந்தால்தான் அவளுக்கும் பேச்சு முடிந்த மாதிரி.

ஆனால் இறந்தவரின் தங்கை கூட வந்திருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயம் புதுப் போதகர் காதுக்குப் போனது. அந்த வாரமே வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து வேதத்தைத் திறந்து ஒரு வசனத்தைக் காட்டினார்.

"மரணம் விளையாட்டு இல்லம்மா."

"தெரியும் ஐயா. வாரத்துக்கு ரெண்டு தைக்கிறேன்."

"கேட்கிறவங்க இடறிப் போறாங்க. விசுவாசி பேசுற பேச்சா இது?"

அவள் ஊசியில் நூலைக் கோத்தாள். அவர் தெருமுனை திரும்பியதும் மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "சின்ன வயசு. அவருக்கு இன்னும் யாரும் சாகல போல."

அடுத்த மாதம் மேஸ்திரிக்கு வயிற்றில் வலி வந்தது. கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, புற்று கல்லீரல்வரை பரவிவிட்டது என்றார். சேதி கேட்டு, புருஷன் வீட்டிலிருந்து மகள் ஓடி வந்தாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "சாவை வச்சு விளையாடாதேன்னு எத்தனை தடவை சொன்னேம்மா. இப்ப அது நம்ம வீட்டுக்கே வந்து உக்காந்துக்கிச்சு."

வேதனையில் வந்த சொல்தான். ஆனாலும் மீன் முள்ளாக அது தொண்டையில் நின்றுவிட்டது. அன்று மத்தியானம் பெட்டிக்காரம்மா மெஷினுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டாள். அளவு டேப் கழுத்திலேயே தொங்கியது.

"ஆண்டவரே, அவரை எழுப்பி விட்டுரும். இந்த வாயில இனிமே பரியாசம் வராது. இது என் பொருத்தனை."

யாரிடமும் சொல்லவில்லை.

வீடு ஊமையானது. பெட்டி சொல்ல வந்தவர்கள் அளவைச் சொல்லிவிட்டு, எதற்கோ காத்திருந்து, அழுத முகத்தோடே திரும்பிப் போனார்கள். மேஸ்திரியின் கட்டிலை நடு அறையில் போட்டிருந்தார்கள். படுத்தபடி அவள் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வப்போது வாயைக் கிளறிப் பார்ப்பார்.

"உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, கறி கூடாதுங்கறாரு டாக்டர். நோவுல சாகறதுக்குள்ள இவர் வைத்தியத்துல செத்துருவேன் போல."

"பால் ஆறுது. குடிங்க."

டம்ளரை வாங்கிக் குடித்தார்.

பத்து நாள் பொறுத்தவர் பதினோராம் நாள் கேட்டார்: "டாக்டர் என்கிட்ட மறைச்சதை உன்கிட்ட சொல்லிட்டாரா?"

"எதுக்கு அப்படிக் கேக்கறீங்க?"

"ஊரான் சாவுக்கெல்லாம் சிரிச்ச. எனக்கு மட்டும் வாயைத் தச்சுக்கிட்டே. நீ பேசாம இருக்கிறதப் பார்த்தாத்தாம்மா எனக்குப் பயமா இருக்கு."

ஊசியைத் துணியில் குத்திவிட்டு, பொருத்தனையைச் சொன்னாள். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"என்னைக் கேக்காம என் சிரிப்பையா குடுத்துட்டு வந்தே?"

"உங்க உயிருக்குத்தானேங்க."

"வேதத்துல சாராளும்தான் சிரிச்சா, அதுவும் கிழவி வயசுல பிள்ளை பிறக்கும்னு ஆண்டவர் சொன்ன வார்த்தையைக் கேட்டு. அதுக்காகக் குடுக்கிறேன்னு சொன்ன பிள்ளையைக் குடுக்காம விட்டுட்டாரா?"

"நான் வாயைத் திறந்து, நீங்க போயிட்டா?"

"திறக்காமலே போயிட்டா?"

சாயங்காலம் போதகர் வீட்டுப் படியில் போய் நின்றாள். பொருத்தனையைச் சொல்லி, அதிலிருந்து தன்னை விடுவிக்க அவருக்கு அதிகாரம் உண்டா என்று கேட்டாள். போதகரின் முகம் வெளுத்தது.

"நான் வந்து சொன்னதுக்காகவா இப்படிப் பண்ணினீங்க?"

"நீங்க சொன்னதுக்கும்தான், பொண்ணு சொன்னதுக்கும்தான். எல்லாத்துக்கும் மேல பயம் ஐயா."

"எனக்கு அந்த அதிகாரம் இல்லம்மா. நான் ஜெபிக்கிறேன்."

"நானும் அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

மறுநாள் மத்தியானம் மேஸ்திரிக்குக் குரல் பாதியாகியிருந்தது. அவள் யாருக்கோ தலையணை தைத்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா" என்றார். "எனக்கு வைக்கிறப்போ கொஞ்சம் மெத்துனு வைப்பியா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. நீளப் பலகையின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்க ஆள் வருமென்று நிற்கிற மாதிரி அவர் காத்திருந்தார். சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒருவேளை இன்றைக்கே அவர் குணமாகிற நாளாக இருந்தால்? ஒரு சொல்லால் அதைக் கெடுத்துக்கொள்வதா?

மெஷினை மிதித்தாள். அது ஓடி நின்றபோது அவர், "சரி, விடு" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

விடிந்தபோது பேச்சு போயிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. மூச்சு மட்டும் மரம் அறுக்கிற மாதிரி வந்து போனது. டாக்டர் வந்து பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவள் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் காதருகே குனிந்தாள்.

"ஏங்க, மெத்துனு வைக்க மாட்டேன். உங்களைக் காலையில எழுப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தூதன் எக்காளத்தோட நிறுத்திக்குவாரு. என்னை மாதிரி காப்பியும் கையுமா வந்து நிக்க மாட்டாரு."

உதட்டோரம் லேசாக இழுத்த மாதிரி இருந்தது.

"சிரிக்கிறாரு" என்றாள்.

"அது வலிம்மா" என்றாள் மகள்.

இருக்கலாம். அன்று பொழுது சாய்வதற்குள் மேஸ்திரி போய்விட்டார். காத்த பொருத்தனையும் பலிக்கவில்லை. மீறியதும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

அவர் இழைத்துப் பாதியில் விட்ட பலகைகளைக் கொண்டே இன்னொரு தச்சர் பெட்டியை முடித்துக் கொடுத்தார். தலையணைக்கு அவள் பஞ்சு வைக்கவில்லை. இழைப்புளியடியில் கிடந்த மரச்சுருள்களை வாரி, இறுக்கி அடைத்துத் தைத்தாள். மூடி போடுமுன் போதகர் தலையணையைச் சரிசெய்யக் கை வைத்தவர், "ஏம்மா இவ்வளவு கெட்டியா?" என்றார், மெதுவாக.

"எழுந்திரிக்கணுமே ஐயா. நம்பித்தானே வைக்கிறோம்?"

போதகர் அவளைப் பார்த்தார். பாட்டுப் புத்தகத்தை விரித்தார். பக்கம் கிடைக்க நேரமானது. கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் பாட ஆரம்பித்தார்.

இப்போது பெட்டிகள் வேறு பட்டறையிலிருந்து வருகின்றன. அவள் துணியும் தலையணையும் மட்டும் தைக்கிறாள். போன வாரம் ஒரு பெண் வந்தாள். புருஷனுக்குப் பெட்டி. பெட்டி அகலம் போதுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் புரண்டு புரண்டு படுப்பாராம்.

"போதும் கண்ணு. இனிமே போர்வையை இழுக்க பக்கத்துல நீ இல்லையே, எதுக்குப் புரளப் போறாரு?"

அந்தப் பெண் திடுக்கிட்டுப் பார்த்தாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

பெட்டிக்காரம்மா கத்தரிக்கோலைப் பிடித்தபடி, பழக்கத்தில், முன்னறைப் பக்கம் காதைக் கொடுத்தாள். அங்கே நிற்பதற்கு ஒரு சத்தமும் இல்லை.