சுத்த மெட்டல்காரர்கள்

தென்காசி வட்டாரத்தில் மெட்டல் இசை கேட்பவர்கள் எல்லோரும் ஒரு பரோட்டாக் கடை மேசையில் அடங்கிவிடுவோம். அடங்கினோம் என்று சொல்வதுதான் சரி, நான் இப்போது அந்த மேசைக்குப் போவதில்லை. பிரானூர் பார்டரில் ஞாயிறு மத்தியானம் கூடுவோம். கோழி வறுத்து வருவதற்குள் ஊரில் யாராவது ஒருவனுடைய ரசனையைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்கள்.

மேசைக்குத் தலைவர் புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரரின் மகன். அப்பா லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருக்க, இவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகத்தில் சுண்ணாம்பு பூசிய வெள்ளைக்காரர்கள் பனிக்காட்டில் நின்று அலறுவதைக் கேட்பார். பிளாக் மெட்டல் தவிர மற்றதெல்லாம் அவருக்குக் குப்பை. அதையும் நல்ல ஸ்டுடியோவில் பதிவு செய்திருந்தால் ஆகாது. தகர டப்பாவுக்குள் வைத்துப் பதிந்தது போல் இரைந்தால்தான் சுத்தம் என்பார். இன்னொருவர் வங்கி ஊழியர், டெத் மெட்டல் கட்சி. பாடுகிறவன் என்ன சொல்கிறான் என்று ஒரு வார்த்தை புரிந்துவிட்டால் அந்தக் குழு அவருக்குப் பிடிக்காமல் போய்விடும். இருவரும் ஒருவரை ஒருவர் மதித்ததே கிடையாது. ஆனால் த்ராஷ் கேட்பவன் சிறுபிள்ளை, பவர் மெட்டல் கேட்பவன் கோமாளி, மெல்லிய ராக் பாட்டுக் கேட்பவன் மனிதக் கணக்கிலேயே வரமாட்டான் என்பதில் மட்டும் ஒற்றுமை. நான் மருந்து மொத்தக் கடை நடத்துகிறேன், பேஸ் கிதார் வாசிப்பேன். எனக்கு எல்லாமே பிடிக்கும் என்பதால் அங்கே என் பேச்சு எடுபடாது. வேறு பேஸ் ஆள் கிடைக்காததால் பொறுத்துக்கொண்டார்கள்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் இவர்களுக்கு ஒரு வேலை வந்துவிடும். அருவிக்குப் போகிற வழியெல்லாம் திருப்பூர் ஏற்றுமதியில் கழித்துப்போட்ட டி-ஷர்ட்டுகளைக் குவித்து விற்பார்கள். மாற்றுத்துணி இல்லாமல் குளித்தவர்கள் கையில் கிடைத்ததை வாங்கி மாட்டிக்கொள்வார்கள். அந்தக் குவியலில் மெட்டல் குழுக்களின் கறுப்பு டி-ஷர்ட்டும் கிடக்கும். மண்டிக்காரர் ஐந்தருவி சாலையில் நின்று, அதைப் போட்டு வருகிறவரை மடக்கி, "இந்த பேண்டோட மூணு பாட்டு சொல்லுங்க, பாப்போம்" என்பார். குடும்பத்தோடு வந்து, தலையில் நல்லெண்ணெய் வழிய நிற்கும் மனிதர் திருதிருவென்று முழிப்பார். "போசர்", அதாவது வேஷக்காரன், என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, திருடனைப் பிடித்த போலீஸ்காரர் தோரணையில் மண்டிக்காரர் திரும்பி வருவார். பக்கத்தில் நிற்கிற எனக்கு மானம் போகும்.

அப்படி மடக்கியதில் ஒருநாள் ஒரு கடையநல்லூர்க்காரர் அகப்பட்டார். முப்பது வயசுக்கு மேல் இருக்கும். வளைகுடாவில் ஏசி மெக்கானிக், லீவில் வந்திருந்தார். அவர் முழிக்கவில்லை. நெஞ்சில் இருந்த எழுத்தைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சட்ட நனஞ்சுட்டு அண்ணாச்சி, இப்பந்தான் கடையில எடுத்தேன். இதுல என்ன எழுதியிருக்கு? வேர் படந்த மாதிரில்லா இருக்கு."

"தெரியாம எதுக்குப் போடுதிய?" என்றார் மண்டிக்காரர்.

"குளிருதுல்லா, அதுக்குத்தான். நான் டிரம்ஸ் வாசிப்பேன் அண்ணாச்சி. ராக், மெட்டல் எல்லாம் வாசிப்பேன். இந்த பேண்டு மட்டும் தெரியல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காரணம் இருக்கிறது. மண்டிக்காரரின் அப்பாவுக்குத் தென்காசியில் ஒரு கல்யாண மண்டபம் உண்டு. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபம் மாதம் முழுக்கச் சும்மா கிடக்கும். ஆடிக் கடைசி ஞாயிறு அங்கே நாங்கள் மூவரும் சேர்ந்த எங்கள் குழு மேடையேறும் என்பது பல வருஷத்துத் திட்டம். வருஷா வருஷம் ஆடி வரும், மண்டபம் காலியாகும், டிரம்மர் இல்லை என்று சொல்லி ஆடி போய்விடும். இப்போது டிரம்மர் தானாக நடந்து வந்து, ஈரத் தலையோடு எதிரே நிற்கிறார். ஆவணி பிறந்ததும் அவருக்கு விமானம்.

இவர்கள் என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? பரோட்டாக் கடையில் உட்காரவைத்து அவரை விசாரித்தார்கள். எந்தக் குழுவின் பாட்டைக் கேட்டுத் தொடங்கினீர்கள் என்று கேட்டதற்கு, கண்ணீர் விடுகிற ஒரு காதல் ராக் பாட்டைச் சொல்லித் தொலைத்தார் அந்த அப்பாவி. வங்கிக்காரர் பரோட்டாவைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டார். கம்பெனி கேம்ப்பில் பிலிப்பைன்ஸ்காரர்களோடு சேர்ந்து வெள்ளிக்கிழமைகளில் பிரபலமான குழுக்களின் பாட்டுகளை வாசிப்பதாகச் சொன்னார் டிரம்ஸ்காரர். "கவர் பேண்டா" என்று மண்டிக்காரர் கேட்ட விதத்தில், ஏதோ பிக்பாக்கெட் தொழிலா என்று கேட்டது போலிருந்தது. அவர் கோபப்படவில்லை. சால்னாவை இவர்கள் பக்கம் நகர்த்திவைத்தார்.

அடுத்த ஞாயிறும் விசாரணைதான், அதற்கடுத்த ஞாயிறும் அதேதான். சுத்தமான பிளாக் மெட்டல் வாசிக்க மனசு எப்படி இருக்கவேண்டும் என்று மண்டிக்காரர் ஒரு மணி நேரம் பேசுவார். அது டெத் மெட்டலிலிருந்து எங்கே பிரிந்தது என்பதில் வங்கிக்காரர் மறுத்துப் பேசுவார். "முதல்ல அந்த மனுசன் வாசிக்கறதக் கேளுங்கய்யா" என்று நான் சொல்வேன். "வாசிக்கறது யாரு வேணா வாசிக்கலாம், ஆட்டிட்யூட் வேணும்லா" என்பார் மண்டிக்காரர். அவருடைய வாயில் எலுமிச்சை மூட்டையைத் திணிக்கலாம் போல வரும்.

ஒருநாள் டிரம்ஸ்காரர் என் கடைக்கு வந்தார். மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை கேட்கிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்றார்.

"அண்ணாச்சி, எப்படியாவது ஒரு தடவ வாசிக்க வச்சிருங்க. கல்யாணம் முடிஞ்ச கையோட பயணம் போயிட்டேன். நான் வாசிச்சு எங்க வீட்டுல பாத்ததே இல்ல. போன்ல அனுப்புனா வெறும் இரைச்சல்தான் கேக்குதுங்குதா. ஒரு தடவ நேர்ல பாக்கட்டும்."

அதற்குமேல் நான் யாரையும் கேட்கவில்லை. ஒரு சர்ச்சில் டிரம்ஸ் செட்டை இரவல் வாங்கினேன். மண்டிக்காரரின் அப்பாவிடமே நேராகப் போய்ச் சாவி வாங்கினேன். அப்பாவே சாவி கொடுத்துவிட்டதால் இருவரும் கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்துசேர்ந்தார்கள். ஆடிக் கடைசி ஞாயிறு சாயங்காலம், மணமேடையில் தெர்மாகோல் தூண்களுக்கு நடுவே டிரம்ஸ் ஏறியது. கூட்டம் என்று சொல்ல, மண்டபத்து வாட்ச்மேனும், முன் வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் டிரம்ஸ்காரரின் மனைவியும் சின்ன மகளும்தான். அந்தப் பெண் பெருநாளுக்கு எடுத்த சேலையைக் கட்டி வந்திருந்தாள்.

டிரம்ஸ்காரர் கையைச் சூடுபடுத்த நாலு தட்டுத் தட்டினார். இரண்டு காலும் பெடலில் ஓடிய ஓட்டத்தில் மண்டபத்து ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அப்படி ஒரு வாசிப்பை நான் பக்கத்தில் நின்று கேட்டதில்லை. "ஆரம்பிப்போமா அண்ணாச்சி?" என்று மண்டிக்காரரைப் பார்த்தார்.

மண்டிக்காரர் கிதாரைச் சுருதி சேர்த்தார். மறுபடியும் சேர்த்தார். பிறகு, ஒரு மாதமாக எதைப் பற்றி வாய் கிழியப் பேசினாரோ அந்தப் பாட்டைத் தொடங்கினோம். முதல் வரியிலேயே அவர் விரல் தடுமாறி எங்கேயோ போய்விட்டது. வங்கிக்காரர் தன் கிதாரின் சத்தத்தையே குறைத்துவைத்திருந்தார். டிரம்ஸ்காரர் நிறுத்தி, "நான் மெதுவா வாசிக்கேன், நீங்க சேந்துக்கிடுங்க" என்றார். மெதுவாக வாசித்தார். இன்னும் மெதுவாக வாசித்தார். கடைசியில் பஜனை வேகத்துக்கு வந்தபிறகும் இவர்களால் கூடவர முடியவில்லை. இத்தனை வருஷமும் டிரம்மர் வராமலிருந்தது இவர்கள் செய்த புண்ணியம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மண்டிக்காரர் கிதாரைக் கழற்றினார். "உங்க டிரம்மிங்ல ஃபீல் இல்ல, டெம்போ நிக்க மாட்டேங்குது" என்றார், முன் வரிசைக்கும் கேட்கிற குரலில். வங்கிக்காரர் தாடியைத் தடவிக்கொண்டே, "கவர் பேண்ட் பழக்கம் அப்படித்தான், அடிப்படையே தப்பாயிரும்" என்றார். பிறகு பிளாஸ்ட் பீட் என்கிற அதிவேகத் தாளத்தின் வரலாற்றைப் பேசிக்கொண்டே இருவரும் டீ குடிக்கப் போனார்கள்.

நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் மேடைக்குப் பக்கத்தில் வந்தாள். புருஷனைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அண்ணாச்சி, இவுகளுக்குச் சரியா வாசிக்கத் தெரியலயோ?"

"இந்த ஜில்லாவுல இவர மாதிரி வாசிக்க ஆளு கெடையாதும்மா. தெரியாதது அவனுகளுக்கு" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். மனசு நோகக்கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. படித்தவர்கள், நிறைய இங்கிலீஷ் வார்த்தை சொன்னவர்கள், அவர்கள் பேச்சுத்தான் அவள் மனசில் நின்றது. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு புருஷனிடம் போனாள்.

"பரவால்ல, விடுங்க. அங்கன போயி வேலையப் பாருங்க. இதெல்லாம் நமக்கு எதுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கப் போனதும் வேண்டாம் என்பது போலக் கண்ணைக் காட்டினார்.

"ஆமா, இன்னும் பழகணும்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, சிம்பல் தட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.