லிஃப்ட் மெக்கானிக்கின் முதல் சவாரி

என் சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் பழுது பார்த்தாலும் முதல் சவாரி அவருடையதுதான். "என் உசுர்தான் உங்களுக்கு கேரண்டி" என்பார். அந்த வார்த்தையை நம்பித்தான் கைக்குழந்தைக்காரிகள்கூட ஏறினார்கள். ஆனால் அவர் செய்த வேலையை இன்னொருத்தன் சரிபார்க்க வந்தால் பொல்லாத கோபம் வரும். நாயகனைத் தூக்கி நிறுத்தும் குணமே அவனைக் கவிழ்க்கும் என்று கல்லூரியில் நாடகப் பாடத்தில் படித்தபோது, எனக்கு எந்த ராஜாவும் நினைவுக்கு வரவில்லை, சித்தப்பாதான் வந்தார்.

அவர் கண்ணில் புரை விழுந்தது சித்திக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். டாக்டரிடம் போகலாம் என்றால், "நட்டு முறுக்கறது கண்ணா? கைடி!" என்று வாயை அடைத்துவிடுவார்.

அன்று ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் பிரேக் பழுது. சாப்பாடு கொண்டுபோன சித்தியோடு நானும் போனேன். மேலே வேலையை முடித்துவிட்டு இறங்கி வந்தார். கீழே காத்திருந்தவர்களில் ஒருவர் சீண்டினார்.

"என்ன மெக்கானிக், இன்னைக்கு இவ்வளவு நேரம்? வயசாயிடுச்சோ?"

சித்தப்பாவின் முகம் சுருங்கியது. சித்தியின் பக்கம் திரும்பினார். "வாடி, நீயும் ஏறு. பொண்டாட்டியோடயே போய்க் காட்டறேன்."

கண் விஷயத்தைச் சொல்லிவிட நான் வாயெடுத்தேன். சித்தி என்னைப் பார்த்து 'வேண்டாம்' என்று கண்ணைக் காட்டிவிட்டு அவரோடு உள்ளே போனாள். நாலு பேர் முன்னால் அவர் தலை குனியக் கூடாதாம். கதவு மூடத் தொடங்கியது. அவள் கையிலிருந்த தூக்குச்சட்டியின் மூடி கடகடவென்று ஆடியது.

சித்தப்பா கதவிடுக்கில் கையை விட்டார். கதவு திறந்துகொண்டது.

"ஏன்டி நடுங்கற?"

"ஒண்ணுமில்லைங்க. போலாம்."

அவளையே உற்றுப் பார்த்தார். முகம் தெரிந்ததோ என்னவோ. அவள் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து கூட்டத்திடம் சொன்னார்: "எனக்குக் கண்ணு சரியாத் தெரியலைங்க. வேற ஆளை வெச்சுப் பாத்துக்குங்க."

வேறு மெக்கானிக் வந்து பார்த்தார். "பிரேக்ல ஒரு போல்ட்டை முறுக்கவே இல்ல. கிளம்பியிருந்தா நின்னிருக்காது."

அதற்குப் பிறகு சித்தப்பாவை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அதையாவது தாங்கிக்கொண்டார். அன்று வீடு திரும்பும் வழியில்தான் கேட்டார்: "தெரிஞ்சேவாடி ஏறின?"

"நீங்க ஏறினா நானும் ஏறுவேன். இதுல கேக்க என்ன இருக்கு?"

கண் ஆபரேஷன் முடிந்து பார்வை தெளிந்த பிறகும், அந்தப் பதிலை நினைத்தால் சித்தப்பாவுக்குக் கை வெலவெலத்துப்போகிறது.