மவுஸ் தொடாத பிள்ளைகள்

ஜீவராணி டீச்சர் விடுமுறைக்கு டயகமவில் தான் பிறந்த தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குப் போனால், வாசலில் ஆட்கள் பழுதான சாமான்களோடு நிற்பார்கள். கம்பியூட்டர் படித்தவர் கைபட்டால் எதுவும் திருந்திவிடும் என்பது அங்கே எல்லோருடைய முடிவு.

"நான் கம்பியூட்டர்தாங்க படிச்சுக் குடுக்குறேன், மாமா," என்று பழனியாண்டியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

பழனியாண்டி மடியில் இருந்த ரைஸ் குக்கரை இறக்கவே இல்லை. "இதுலயும் ஒரு செவப்பு லைட்டு இருக்கு, தாயி. சும்மா பாரேன்."

பார்த்தார். பிளக்கில் ஒரு கம்பி கழன்றிருந்தது. முறுக்கி விட்டதும் விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகு அவர் என்ன சொல்லியும் எடுபடவில்லை.

அவர் உண்மையில் படிப்பிப்பது தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம். இடம், பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு மகளிர் வித்தியாலயம். நியமனம் பெற்று அவர் வந்த காலத்தில் அங்கே பாடம் இருந்தது, பாடநூல் இருந்தது, கணினி இல்லை. கரும்பலகையில் விசைப்பலகையை வரைந்து தொடங்கினார். அடுத்த பாடத்துக்கு வருகிற கணித ஆசிரியை ஒவ்வொரு நாளும் அதை அழித்தார். பிறகு பஜாரில் இப்றாஹிம் நானாவின் கடையிலிருந்து பிஸ்கட் பெட்டி அட்டைகளை வாங்கிவந்து, பிள்ளைக்கு ஒரு விசைப்பலகை என்று வெட்டி வரையச் செய்தார்.

அட்டையில் மவுஸையும் வரையலாம். ஆனால் அதை நகர்த்தி ஒரு பயனும் இல்லை. ஆகவே எந்த வேலையானாலும் மவுஸ் இல்லாமல் விசையாலேயே செய்ய வேண்டும் என்று பழக்கினார். அட்டையை அமுக்கினால் எந்த விசை அமுங்கியது என்று யாருக்கும் தெரியாது என்பதால், அமுக்கும்போதே அதன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும் என்று இன்னொரு விதியும் போட்டார். "கொன்ட்ரோல், எஸ்" என்று முப்பது பிள்ளைகள் ஒன்றாகச் சொல்ல, பக்கத்து வகுப்பில் கணித ஆசிரியை ஜன்னலைச் சாத்துவார்.

பிறகு ஒரு வருடம் பத்துக் கணினிகள் வந்தன. பதினொன்று என்பவர்கள் பிரிண்டரையும் சேர்த்து எண்ணுகிறார்கள். பத்தில் முப்பது பேர் உட்கார முடியாது. ஆகவே பத்துப் பேர் மவுஸ் பிடிக்கப் பழகும்போது, இருபது பேர் அட்டையோடு காத்திருக்கும் வழக்கம் தொடர்ந்தது.

கணினி அறையைப் பாடசாலை கொண்டாடிய விதம் தனி. மனையியல் பிள்ளைகள் ஒவ்வொரு கணினிக்கும் லேஸ் வைத்த உறை தைத்தார்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த வருடம் சரஸ்வதி பூசை செய்கிற வாணி விழாவுக்குத் திரைகளில் திருநீறு பூசி, நடுவில் சந்தனப் பொட்டும் வைத்தார்கள். சாம்பிராணிப் புகை இன்னும் அடங்காதிருந்த நேரத்தில் வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஆண்டியப்பன் சேர் வந்து நின்றார். கணினிப் பாடத்துக்குப் பொறுப்பானவர் அவர்.

வாசலில் கிடந்த சப்பாத்துகளைப் பார்த்தார். லேஸைத் தூக்கிப் பார்த்தார்.

"டீச்சர், இது லேபா, கோயிலா?" என்று கேட்டார். "பாவிக்கிற மெசின் இப்படியா இருக்கும்? அடுத்த தடவ வரும்போதும் இதே கோலம்னா, பத்தையும் தூக்கி நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து ஸ்கூலுக்குக் குடுத்துருவேன். அங்க பாவிக்க ஆளு இருக்கு."

பாடசாலை அதிபர் லெட்சுமிக்குக் காதில் விழுந்தது 'கோயில்' மட்டும். மறுநாள் காலைக் கூட்டத்தில், நம் கணினி அறையைப் பணிமனையே கோயிலென்று பாராட்டியதாகப் பெருமையோடு அறிவித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஜீவராணி டீச்சர் தட்டவில்லை. கணினி போனால் இந்தப் பிள்ளைகள் அட்டையில் படித்த படிப்போடு ஓ.எல். பரீட்சை எழுதப் போவார்கள் என்பது அவர் ஒருவருக்குத்தான் உறைத்தது.

இந்த வருட வாணி விழாவுக்கு ஒரு வாரம் முன்பே அவர் தரம் பத்துப் பிள்ளைகளை நிறுத்திவைத்துச் சொன்னார்: "லேஸ் எல்லாம் கழட்டியாச்சு. சப்பாத்தோட உள்ள வாங்க. பூசைக்கு வேற என்ன வேணும்னாலும் வைங்க. மெசின்ல ஒரு பொட்டு என் கண்ணுல படக் கூடாது. பட்டுச்சுன்னா மெசின் போயிரும்."

"பொட்டு வைக்காம எப்படி டீச்சர்?" என்றாள் தனுஷிகா. வகுப்புத் தலைவி அவள். எதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பாள். "அடுத்த வருசம் ஓ.எல். வருது."

"கண்ணுல படக் கூடாதுன்னு சொன்னேன்."

"சரி டீச்சர்," என்றாள் தனுஷிகா. அவ்வளவு சுலபமாக அவள் சரி என்றதே இல்லை. டீச்சர் அதைக் கவனிக்காமல் விட்டது பிழை.

விழா முடிந்த மறுநாளே ஆண்டியப்பன் சேர் வந்துவிட்டார். அதிபர் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு நேராகக் கணினி அறைக்கு நடந்தார். டீச்சருக்குப் பயம் இல்லை. எந்தத் திரையிலும் திருநீறு இல்லை, எந்த உறையும் இல்லை. பத்துப் பேர் கணினிகளின் முன் இருந்தார்கள். மற்றவர்கள் பின்னால் அட்டையோடு நின்றார்கள்.

"எங்க, ஒரு கடிதம் அடிச்சு, அதுக்குள்ள ஒரு டேபிளும் போடுங்க பார்ப்போம்," என்று சொல்லிவிட்டு, வாசலில் சப்பாத்து ஏதும் கிடக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார் சேர்.

பத்துக் கைகள் பத்து மவுஸை நகர்த்தின. திரைகளில் இருந்த பத்து அம்புக்குறிகளில் ஒன்றாவது அசையவில்லை.

ஒன்று நின்றால் பழுது. பத்தும் ஒரே நேரத்தில் நின்றால் யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள். டீச்சர் தனுஷிகாவைப் பார்த்தார். அவள் கூரைத் தகரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிப்பதைப் போல மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கணினியில் இருந்த பஸ்மிலாவிடம் குனிந்து, "என்னடி?" என்றார்.

"டீச்சர், நான் புடிச்சு மட்டும்தான் குடுத்தேன்."

"எத?"

பஸ்மிலா மவுஸை ஒரு விரல் அளவு சரித்துக் காட்டினாள். அடியில், வெளிச்சம் வருகிற சின்னத் துவாரத்தை அடைத்து, அழகான வட்டமாகச் சந்தனம். நடுவில் குங்குமம். இரவுக் குளிரில் சிமெந்து போல இறுகியிருந்தது.

"நீங்கதானே டீச்சர் கண்ணுல படக் கூடாதுன்னீங்க," என்று தனுஷிகா கூரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள். "மேல வச்சா கைபட்டு அழிஞ்சிரும் வேற."

கோபப்பட வழி இருக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார்கள். இப்போது சுரண்டி எடுக்கவும் வழியில்லை. சேர் பின்னாலேயே நிற்கிறார். ஒரு பொட்டைப் பார்த்தால் போதும், பத்தும் நோட்டன் பிரிட்ஜ் போய்விடும்.

டீச்சர் நிமிர்ந்தார். சேலையை இழுத்துச் சரிசெய்தார்.

"பிள்ளைகளே, மவுஸை விடுங்க. அட்டைப் பாடம்."

பிள்ளைகள் ஒரு நொடி விழித்தார்கள். பிறகு தனுஷிகா தொடங்கினாள். "விண்டோஸ்." பத்துப் பேரும் அமுக்கினார்கள். அதன்பின் அறை முழுவதும் ஒரே குரலாயிற்று. பின்னால் நின்ற இருபது பேரும் பழக்கத்தால் அட்டையை அமுக்கிச் சேர்ந்துகொண்டார்கள். "டபிள்யூ, ஓ, ஆர், டி, என்டர்." வெற்றுப் பக்கம் திறந்தது. கடிதத்தையும் எழுத்தெழுத்தாகச் சொல்லியே அடித்தார்கள். "ஒல்ட், என், டி." அட்டவணைக் கட்டங்கள் விரிந்தன. "வலது, வலது, கீழ, கீழ, என்டர்." பத்துத் திரையிலும் ஒரே நேரத்தில் ஒரே அட்டவணை விழுந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த லெட்சுமி அதிபர், தேவாரம் தொடங்கிவிட்டது என்று எண்ணி வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். "கொன்ட்ரோல், எஸ்" என்று எல்லோரும் முடித்ததும் கைகளைக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

ஆண்டியப்பன் சேர் குனிந்து பத்துத் திரைகளையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு, "மவுஸே தொடலயே," என்றார்.

"எங்க பிள்ளைகள் தொட மாட்டாங்க சேர்," என்றார் டீச்சர். அந்த நிமிடத்தைப் பொறுத்தவரை அது முழு உண்மை.

சேர் வியப்போடு பஸ்மிலாவின் மவுஸை எடுக்கக் கை நீட்டினார். பஸ்மிலா அதைத் தன் பக்கம் இழுத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"என்ன மகள், பார்க்கவும் கூடாதா?"

"டீச்சர் ஏசுவாங்க சேர்."

"இவ்வளவு கட்டுப்பாடா," என்று சேர் அதிபரைத் திரும்பிப் பார்த்தார். அதிபர் கைகூப்பியபடியே தலையசைத்தார்.

"சரி. மெசின் பத்தும் இங்கயே இருக்கட்டும்," என்றார் சேர். டீச்சர் மூச்சு விட்டார். மூச்சு முழுதாக வெளியே வரும் முன் சேர் தொடர்ந்தார்: "ஆனா இந்த மவுஸ் எல்லாம் இங்க சும்மாதானே கெடக்கு. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து ஸ்கூல்ல மவுஸ் இல்லாம நாலஞ்சு மெசின் முடங்கிக் கெடக்கு. கழட்டிக் குடுங்க."

தொடவே மாட்டார்கள் என்று சொன்ன வாயால் வேண்டும் என்று கேட்க முடியாது. பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கழற்றி, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி கவனமாக ஒரு பிஸ்கட் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தார்கள். சேரின் ஜீப் வளைவில் மறையும்வரை எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

"பார்த்தீங்களா டீச்சர்," என்றாள் தனுஷிகா. "பொட்டு வச்சதாலதான் மெசின் தப்பிச்சது."

"பொட்டு வச்சதாலதான்டி மவுஸ் போச்சு."

"ரெண்டும் சரிதான் டீச்சர்," என்றாள் பஸ்மிலா.

இரண்டு நாள் கழித்து நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பாடசாலையிலிருந்து கணினி ஆசிரியர் வினோஜன் தொலைபேசியில் அழைத்தார். மிகவும் பணிவாகப் பேசுகிற இளைஞர் அவர்.

"டீச்சர், மவுஸ் வந்துச்சு, ரொம்ப நன்றி. ஆனா ஒண்ணும் ஓடலங்க."

"அடியில பார்த்தீங்களா தம்பி?"

மவுஸைத் திருப்புகிற சத்தம் கேட்டது. பிறகு, "டீச்சர், சந்தனம் மணக்குது," என்றார்.

"ஒரு ஊசியால சுரண்டிட்டுப் போடுங்க. ஓடும்."

"சுரண்டலாங்களா?" வினோஜனின் குரல் தாழ்ந்தது. "பிள்ளைகள் எல்லாம் பக்கத்துலதான் நிக்கிறாங்க, பார்த்துட்டாங்க. எங்களுக்கும் அடுத்த வருசம் ஓ.எல். டீச்சர். இப்ப நான் சுரண்டி, நாளைக்கு ஒருத்தன் பெயிலானா என்னயத்தான் கேப்பாங்க."

ஜீவராணி டீச்சர் யோசித்தார். வாதாடிப் பயனில்லை என்று ரைஸ் குக்கர் காலத்திலேயே கற்றுக்கொண்டவர் அவர்.

"அப்ப உங்க வகுப்புல எத்தன பேரு?" என்று கேட்டுவிட்டு, தனுஷிகாவைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "இப்றாஹிம் நானா கடையில போய் அட்டை கேட்டு வா. கொஞ்சம் தடிச்ச அட்டையா இருக்கட்டும்."