ஸ்பிரிங்கைக் கட்டிய கயிறு

எங்கள் வீட்டில் கார் வேலை நடந்தால் தெருவுக்கு அது அடிதடி போலத்தான் கேட்கும். வீடு கடலூர் முதுநகரில், உப்பங்கழிக்குப் பக்கம். காருக்குப் பதினெட்டு வயது. உப்புக்காற்று தின்னாத போல்ட் அதில் ஒன்றுகூட இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைப்பார்கள், பற்றவைத்துச் சூடாக்குவார்கள், கடைசியில் உளியை வைத்துச் சுத்தியலால் பிளப்பார்கள். பக்கத்து வீட்டம்மா ஒருமுறை மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, “யார போட்டு இந்த அடி அடிக்கிறாங்க?” என்று கேட்டார். “வீல் போல்ட்ட” என்றேன்.

அடிப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் கணவர். கடற்கரைக் கிராமத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, படித்து, இப்போது அலுவலக வேலையில் இருப்பவர். மற்றவன் மாடும் வயலுமாக என்னோடு வளர்ந்த என் தம்பி. சிதம்பரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருவான்.

வீட்டை எதிர்த்து நான் இவரைக் கட்டிக்கொண்டபோது தம்பி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். வருடங்கள் ஓடின. ஒருநாள் கீரப்பாளையம் தாண்டி வரும்போது கிளட்ச் கேபிள் அறுந்து கார் வயலோரம் நின்றுவிட்டது. வேறு யாரையும் கூப்பிட வழியில்லாமல் அவனுக்குப் போன் செய்தேன். வந்தான். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, பானெட்டைத் திறந்து, “இத இப்படித்தான் வச்சிருப்பீங்களா? வண்டியா குப்பத்தொட்டியா?” என்றான். அடுத்த ஞாயிறு சைலன்சரைப் பார்க்க வந்தான். அதற்கடுத்து பிரேக். கணவர் பல தடவை காரை விற்றுவிடலாம் என்றார். புதுக் காருக்குத் தவணை கட்ட முடியாது என்று நான் மறுத்தேன். அது பொய்யில்லை. ஆனால் வண்டி போனால் தம்பியும் போய்விடுவான் என்பதுதான் என் பயம். அவர்கள் இருவரும் காரை வைத்து மட்டுமே பேசிக்கொள்வார்கள்.

அந்த ஞாயிறு முன்பக்க இடது ஸ்பிரிங் உடைந்திருந்தது. பழைய இரும்புக் கடையிலிருந்து அதே அளவில் ஒன்று வாங்கி வைத்திருந்தோம். ஸ்பிரிங்கை அப்படியே மாட்ட முடியாது. இரண்டு பக்கமும் நீளமான கொக்கி போல்ட் போட்டு, மாறி மாறி இறுக்கி, அதை அமுக்கிக் குட்டையாக்க வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங்குக்குள் ஒரு ஆளைக் கொல்கிற வேகம் இருக்கும். தம்பி அதை எனக்குச் சொல்லியிருக்கிறான். சொல்லும்போது சிரித்தான்.

நான் சாக்கை விரித்து ஸ்பேனர்களை அளவுவாரியாக அடுக்கி வைத்தேன். பழைய ஸ்பிரிங் வெளியே வருவதற்குள் தம்பியின் இரண்டு விரல் தோலும் கணவரின் முழங்கைத் தோலும் உரிந்து போயிருந்தன. வாங்கி வைத்திருந்ததைச் சிமெண்டுத் தரையில் நிறுத்தி இறுக்க ஆரம்பித்தார்கள். முக்கால்வாசி அமுங்கியபோது ஒரு கொக்கியின் மரை வழுக்கியது. ஸ்பேனர் சுற்றியது, போல்ட் இறுகவில்லை.

“மெதுவா தளத்தி எடுத்துடலாம். கொக்கிய மாத்திட்டு அப்பறம் பாத்துக்கலாம்” என்றான் தம்பி.

“எதுக்கு மச்சான் மறுபடியும் முதல்லேர்ந்து? இரு” என்று சொல்லிக் கணவர் பின்கட்டுக்குப் போனார். படகு கட்டும் நைலான் கயிற்றைக் கொண்டுவந்து, பழுதான கொக்கி இருந்த பக்கத்தில் ஸ்பிரிங்கின் சுற்றுகளைச் சேர்த்து வரிந்தார். காலை முட்டுக் கொடுத்து இழுத்து முடிச்சுப் போட்டார். அவர் கைக்கு அந்த முடிச்சு மூச்சு விடுவது போல வரும். பழுதான கொக்கியைக் கழற்றினார். ஸ்பிரிங் நின்றது.

“பாத்தியா?”

“மாமா, அவுத்துடுங்க. நைலான் இழுபடும். கம்பி முனை வேற கத்தி மாதிரி இருக்குது.”

“ஏழு பேரு உசுரு இந்த முடிச்சுல நிக்கும் மச்சான். நடுக்கடல்ல. உன் ஸ்பிரிங்கு நிக்காதா?”

“கடல்ல நிக்கும். கரையில அது மாடு கட்ற கயிறு.”

“மாடு கட்றவனுக்கு வேற என்னா தெரியும்?”

இதுவரை வழக்கமான பேச்சுதான். நான் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தம்பி அதைச் சொன்னான்.

“உங்கப்பாவும் இந்த முடிச்ச நம்பித்தான போனாரு. நின்னுச்சா?”

என் மாமனார் ஒரு புயலில் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அந்த வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. என் கணவர் யார் மேலும் கைநீட்டி நான் பார்த்ததில்லை. அன்று அவருடைய முஷ்டி தம்பியின் வாயில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. பச்சைக் கட்டையைப் பிளந்தது போல இருந்தது. தம்பி பின்னால் போய்க் கார்க் கதவில் மோதி, அதே வேகத்தில் திரும்பி வந்து தலையால் அவர் நெஞ்சில் முட்டினான். இருவரும் ஸ்பேனர்களின் மேல் உருண்டார்கள். ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்திருந்தார்கள். தம்பியின் பல்லில் ரத்தம். நான் கத்தினேன், கையிலிருந்த சூடான டீயை இருவர் மேலும் ஊற்றினேன். கணவர் பிடியை விட்டார். தம்பி தரையில் கையூன்றி எழுந்தான்.

கயிறு அறுந்தது. சத்தம் வெடி போல இருந்தது. ஸ்பிரிங் வில்லாக வளைந்து, மறுபக்கக் கொக்கியை உதறிவிட்டுக் கிளம்பியது. தம்பியின் இடது தோளில் அடித்து, எகிறி, சுவரில் பூச்சைப் பெயர்த்து, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பை உடைத்து விழுந்தது. விழுந்த பிறகும் அது துடித்துக்கொண்டிருந்தது. தம்பி தரையில் உட்கார்ந்து தன் தோளைப் பார்த்தான். சட்டைக்குள் எலும்பு தப்பான இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

கணவர் அவனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். ஆட்டோவில் மடியில் கிடத்தி, “தூங்காத மச்சான், தூங்காத” என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தார்.

“தட்டாதீங்க. ஏற்கெனவே வீங்கியிருக்கு” என்றான் அவன்.

ஆஸ்பத்திரியில் ஒரு போலீஸ்காரர் வந்து எப்படி அடிபட்டது என்று கேட்டார். கணவர் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

“வண்டி வேல சார். ஸ்பிரிங்கு எகிறிடுச்சி.”

“ஒதட்டுல?”

“அதுவும் ஸ்பிரிங்குதான். ரெண்டு முனை இருக்குதுல்ல.”

போலீஸ்காரர் கணவரின் கழுத்திலிருந்த நகக்கீறல்களைப் பார்த்தார், மேலே கேட்கவில்லை. தோளின் காரையெலும்பு இரண்டாக முறிந்திருந்தது. சாயங்காலம் அவன் மனைவி வந்து வாடகைக் காரில் சிதம்பரத்துக்கு அழைத்துப்போனாள். ஏறும்போது அவன் எங்கள் பக்கம் திரும்பவில்லை. கணவர் கார் கண்ணாடியில் கை வைத்தார். கார் நகர்ந்தது.

அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. போன் செய்தால் அவன் மனைவி எடுத்து, தூங்குகிறார் என்றாள். சக்கரமில்லாத கார் சவுக்குக் கட்டைகளின் மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கணவர் ஒருநாள் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் அதன் முன் விளக்கை உடைத்தார். பிறகு கதவை. நான் தடுக்கவில்லை. நானும் ஒரு கல்லை எடுத்து எறிந்தேன்.

மழை பிடித்திருந்த ஒரு ஞாயிறு, கேட் திறக்கும் சத்தம் கேட்டது. தம்பி. இடது கை கழுத்தில் மாட்டிய துணித் தூளியில். கணவர் வாசலுக்கு வந்ததும் வலது கையை ஓங்கி அவர் கன்னத்தில் ஒரு அறை விட்டான். அவர் தலை கதவு நிலையில் இடித்தது. அவர் பதிலுக்குக் கையை ஓங்கவில்லை.

“இதுக்கா மழையில பஸ் ஏறி வந்த?”

“இதுக்குந்தான்.” மூச்சு வாங்கினான். “உங்கப்பாவ நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அது வேற, இந்த அறை வேற.”

“சரி.”

“லைட்ட எவன் ஒடச்சது?”

“உங்க அக்காவும் நானும்.”

அவன் தோள்பையிலிருந்து புதுக் கொக்கிகள் இரண்டை எடுத்துத் தரையில் போட்டான். அவனால் ஒரு கையால் ஸ்பேனர் பிடிக்க முடியாது.  கணவர் ஸ்பிரிங்கைத் தொடவே பயந்தார். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தேன். இருவரையும் எதிர்ச் சுவரோரம் போய் நிற்கச் சொன்னேன். இடது போல்ட்டை அரைச் சுற்று, வலது போல்ட்டை அரைச் சுற்று என்று இறுக்கினேன். ஸ்பிரிங் கிறீச்சிட்டு என் முழங்காலுக்கு முன்னால் குட்டையாகிக்கொண்டே வந்தது. அதன் வேகம் ஸ்பேனர் வழியாக என் தோள் வரை ஏறியது.

“அக்கா, போதும் அக்கா” என்றான் தம்பி.

“இன்னும் ரெண்டு சுத்து இருக்கு” என்றார் கணவர்.

“ஒங்களுக்கு என்னா மாமா தெரியும்?”

“ரெண்டு பேரும் வாய மூடுங்க” என்றேன். ஸ்பேனரை மாற்றிப் பிடித்தேன்.