பூசை போட்டுக் கொடுத்த வண்டி

எனக்கு வேகமாகப் போகிற கார் பிடிக்கும். இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் முதலில் என் சேலையைப் பார்ப்பார்கள், அப்புறம் முகத்தைப் பார்ப்பார்கள். காளையார்கோவில் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிற நடுவயதுப் பெண்ணுக்கு எதற்கு இந்த ஆசை என்று கேட்க வாய்வரை வந்துவிடும். கேட்டவர்களும் உண்டு. காரைக்குடியிலிருந்து நான் தினமும் போய் வர வேண்டும். வழியெல்லாம் செங்கல் லாரி, வைக்கோல் ஏற்றிய டிராக்டர், நடுரோட்டில் நின்று ஆள் ஏற்றும் மினிபஸ். இவற்றின் பின்னால் புகையைக் குடித்துக்கொண்டு ஊர்ந்து போவது எனக்கு ஆகாது. மிதித்தால் கார் சட்டென்று பாய வேண்டும், தாண்டியதும் தன் பக்கத்துக்கு வந்துவிட வேண்டும். புதிதாக வாங்க என் சம்பளம் இடம் கொடுக்காது. அதனால் பழைய வண்டிதான் என்று முடிவு செய்தேன்.

பழைய வண்டி என்றதும் என் கணவர் தன் சித்தப்பா மகனிடம் கூட்டிப் போனார். எனக்குக் கொழுந்தன் முறை; மரியாதையாக ஆச்சி என்று கூப்பிடுவார். ஊருக்கு வெளியே, நான் பள்ளிக்குப் போகிற ரோட்டிலேயே, பழைய கார் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறார். பங்காளி கடை இருக்கும்போது வெளியில் போய் வாங்கினால் நாளைக்கு ஒரு விசேஷத்தில் முகம் கொடுத்துப் பேச முடியுமா என்றார் கணவர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. தன் பெயின்ட் கடைக்கு ஸ்கூட்டரில்தான் போய் வருகிறார்.

கொழுந்தன் ஒரு சிவப்புக் காரைக் காட்டினார். சின்ன வண்டி, டர்போ வைத்த பெட்ரோல் இன்ஜின், கறுப்பு ரிம், சீட்டில் சிவப்பு நூல் தையல். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததை மறைக்கவும் தெரியவில்லை. ஆனாலும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடலாமே என்று ஆரம்பித்தேன்.

"காட்டுங்க ஆச்சி, யாரு வேணாம்னா? இன்னைக்கு நாள் நல்லாருக்கு. மொதல்ல பிள்ளையார்பட்டிக்குப் போயி ஒரு பூசையப் போட்டுருவோம். மத்ததெல்லாம் நாளைக்குப் பாத்துக்கிருவோம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் வண்டி எடுத்தால் நேரே பிள்ளையார்பட்டிக்குத்தான் போவோம். மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி ஓட்டி வந்துவிட்டால் அது நம் வண்டி. பூசை போட்டதைத் திருப்பிக் கொடுக்கிற பேச்சையே யாரும் எடுக்க மாட்டார்கள். அதன் பிறகு மெக்கானிக்கிடம் காட்டுவது தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்ப்பது மாதிரி. இதெல்லாம் கொழுந்தனுக்கு நன்றாகத் தெரியும். அவர் கடை மேசையில் எலுமிச்சம்பழம் தயாராக இருந்தது. அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள் என்று வருஷம் முழுக்கப் பிள்ளைகளிடம் சொல்கிற நான், மறுநாள் மெக்கானிக்கைத் தேடவே இல்லை.

முதல் கொஞ்ச நாள் பறந்தேன். பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. கண்ணாடி பாதியில் நின்றுவிடும். ஹாரன் தானாக அடிக்கும். டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒன்றாக எரியும். பிறகு வண்டியே நிற்கத் தொடங்கியது. கல்லல் தாண்டி, இரண்டு பக்கமும் கருவை முள்மரம் மண்டிக் கிடக்கிற, ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து நிற்கும். நான் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்து கணவருக்குப் போன் செய்வேன். "பத்திரமா இரு" என்பார். பிளஸ் டூ செய்முறைத் தேர்வு அன்றும் நின்றது. தேர்வு நடத்த வேறு பள்ளியிலிருந்து ஆசிரியர் வந்து காத்திருக்க, பிள்ளைகள் வெள்ளைக் கோட்டுடன் வெயிலில் நிற்க, நான் தக்காளி ஏற்றிய வேன் ஒன்றில் போய் இறங்கினேன். தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஒவ்வொரு முறையும் கொழுந்தன் ஆள் அனுப்பி இழுத்துப் போவார். ஏதோ செய்து திருப்பித் தரும்போது கூடவே ஓர் அறிவுரையும் வரும்.

"கிளட்ச் மேலயே காலை வச்சுக்கிட்டு ஓட்டுறீக ஆச்சி. இது ஆம்பளைக ஓட்டுற வண்டி. ஒங்களுக்கெல்லாம் கியர் இல்லாத வண்டிதான் சரி."

ஹாரன் தானாக அடிப்பதற்கும் கிளட்ச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

அவர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஊர் முழுக்கச் சொன்னார். நல்ல வண்டியை வாங்கி ஓட்டத் தெரியாமல் நாசமாக்கிவிட்டாள் என்று பங்காளி வீடுகளில் எல்லாம் பேச்சு. ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்ற வந்தவர் வாளியை நிறுத்தி, "கிளட்ச் சரியாப்போச்சா ஆச்சி?" என்று அக்கறையாகக் கேட்டார். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினேன்; பக்கத்து இலையில் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வண்டி நின்றதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. எனக்கு நன்றாக ஓட்டத் தெரியும். அந்தப் பேரைத்தான் அவர் பறித்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவும்போது சீட் பெல்ட்டைத் துடைக்கலாம் என்று கடைசிவரை வெளியே இழுத்தேன். தினமும் உடம்பில் படுகிற பகுதி சுத்தமாக இருந்தது. எப்போதும் உள்ளேயே சுருண்டு கிடக்கிற கடைசி முழத்தில் காய்ந்த சேறு. முகர்ந்தால் சாக்கடை வாடை. கால் வைக்கிற இடத்துக் கம்பளத்தைப் பிய்த்தேன். தகரம் முழுக்கத் துரு. எந்த ஊர் வெள்ளத்திலோ சீட் முழுகக் கிடந்த வண்டி. அதைக் கழுவி, பாலிஷ் போட்டு, மாலை போட்டு என்னிடம் கொடுத்திருக்கிறார்.

நேரே அவர் கடைக்குப் போனேன். வண்டி தண்ணீரில் கிடந்திருக்கிறது தம்பி என்றேன். அவர் பெல்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மழைக்குக் கண்ணாடிய ஏத்தாம விட்ருப்பீக" என்றார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "விடு. பங்காளிகிட்டச் சண்டை போட்டு என்ன ஆகப்போகுது?" என்றார் கணவர். சாதுவான மனிதர், சண்டைக்குப் போகாதவர் என்று அதையும் நம்பினேன். சிவப்பு வண்டியைப் பிரித்து உதிரியாக விற்கும் ஒருவருக்குத் தள்ளிவிட்டேன். கார் ஆசை தீர்ந்ததா என்று ஊரில் கேட்டார்கள். பதிலாக ஒரு வண்டி வாங்குவேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதைவிட வேகமான வண்டி. ஒரு நாளும் நிற்காத வண்டி. அதைத் தினமும் அவர் கடை வாசல் வழியாக ஓட்டிப் போவேன். அந்த மனுஷன் அதைப் பார்த்துக்கொண்டே காலைக் காபியைக் குடிக்க வேண்டும்.

கோபம் எனக்குக் கற்றுக்கொடுத்த அளவு எந்த வாத்தியாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் என்று விடுமுறை நாளெல்லாம் அலைந்தேன். போனதும் முதல் வேலை, பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் நான் வருவதற்கு முன்னாலேயே ஓட்டி வைத்திருக்கிறார்கள், அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுவேன். ஆறிக் கிடக்கிற இன்ஜின் முதல் திருப்பில் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் உண்மை இருக்கிறது. பிறகு பெல்ட், கம்பளம், டிக்கியில் ஸ்டெப்னி டயருக்கு அடியில் இருக்கிற பள்ளம். கறுப்பு ரிம், சத்தம் போடும் சைலன்சர் என்று இளைஞர்கள் மாற்றிக் கட்டிய வண்டி எதையும் தொடவில்லை. அதை எப்படி விரட்டியிருப்பார்கள் என்று யோசித்தாலே போதும். பார்க்க ஆசையாக இருந்த வெளிநாட்டு மாடல் ஒன்றையும் விட்டேன், ஏனென்றால் ஒரு கண்ணாடி உடைந்தால் காரைக்குடியில் கிடைக்காது, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மதுரையில் ஒரு கடைக்காரர் என் முகத்தையும் கையில் இருந்த டார்ச்சையும் பார்த்துவிட்டு, "மேடம் போலீஸா?" என்றார்.

கடைசியில் திருச்சியில் ஒரு டாக்டரம்மாவிடம் கிடைத்தது. சாம்பல் நிறம். பார்த்தால் காய்கறி வாங்கப் போகிற கார் மாதிரி அடக்கமாக இருக்கும். ஆனால் சின்ன உடம்புக்குப் பெரிய இன்ஜின், கையில் ஒட்டிக்கொள்கிற ஸ்டீயரிங், வெண்ணெய் மாதிரி விழுகிற கியர். டர்போ இல்லாததால் அதற்கென்று தனிச் செலவும் இல்லை. புறவழிச் சாலையில் மூன்றாவது கியரில் மிதித்தபோது டாக்டரம்மா பக்கத்து சீட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நானும் இப்படித்தான் ஓட்டுவேன், வீட்ல சொல்லிடாதீங்க" என்றார். முழுக்கச் சோதித்து முடித்த பிறகுதான் பணத்தைக் கொடுத்தேன். பிள்ளையார்பட்டிக்கும் போனேன். ஆனால் எல்லாம் முடிந்த அடுத்த வாரம்.

அதிலிருந்து என் காலைகள் இனித்தன. கொழுந்தன் கடை நெருங்கும்போது ஒரு கியர் குறைப்பேன். வாசலுக்கு நேரே வரும்போது மிதிப்பேன். அந்தச் சத்தம்தான் எனக்குச் சுப்ரபாதம். மழை, வெயில், பள்ளி, தேர்வு, எதற்கும் அந்த வண்டி நின்றதில்லை. அவர் தலையை நிமிர்த்தாத நாட்களில் ஹாரனையும் அடித்தேன். இப்படிச் சில வருஷம் போயிற்று. எனக்கு அலுக்கவே இல்லை.

போன வருஷம் நாச்சியாபுரத்தில் படைப்பு. முன்னோருக்குப் படைக்கிற அன்று பங்காளிகள் எங்கே இருந்தாலும் வந்துவிடுவார்கள். கணவரை ஏற்றிக்கொண்டு நான்தான் ஓட்டிப் போனேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வரும்போது, ஆண்கள் உட்கார்ந்திருந்த ஜமக்காளத்திலிருந்து கொழுந்தனின் குரல் கேட்டது. சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பங்காளி தன் மகளுக்குப் பழைய கார் தேடுகிறாராம்.

"அந்தா வாசல்ல நிக்குதுல்ல, சாம்பல் கலரு, ஆச்சி வண்டி. நாந்தான் தேடி எடுத்துக் குடுத்தேன். இன்னை வரைக்கும் ஒரு நட்டு கழண்டதில்ல. தெனம் நம்ம கடை வழியாத்தான் போறாக, வந்து பாக்குறவுககிட்ட அதைத்தான் காட்டுறேன்."

அவரை எரிப்பதற்காக நான் ஓட்டியதெல்லாம் அவர் கடைக்கு விளம்பரமாகியிருக்கிறது. ஈரக் கையோடு ஜமக்காளத்துக்கு நடுவில் போய் நின்றேன்.

"அந்த வண்டி நான் திருச்சியில எடுத்தது. இவுக எனக்குக் குடுத்தது செவப்பு வண்டி. வெள்ளத்துல முங்கிக் கெடந்தத கழுவி, மாலையப் போட்டுக் குடுத்தாக. நான் ஓட்டிக் கெடுத்தேன்னு ஊரெல்லாம் சொன்னாக. ஒங்க மகளுக்கு வாங்குறதா இருந்தா பெல்ட்ட முழுசா இழுத்துப் பாத்துட்டு வாங்குங்க."

அத்தனை பங்காளிகளுக்கு முன்னால் கொழுந்தனின் முகம் வெளிறியதை நான் ஆசை தீரப் பார்த்தேன். அவர் என் கணவர் பக்கம் கையை நீட்டினார்.

"என்னைய மட்டும் சொல்லாதீக ஆச்சி. அண்ணன்கிட்டச் சொல்லித்தான் குடுத்தேன். தண்ணியில நின்ன வண்டி, நம்ம வீட்டுக்கு வேணாம்னேன். அண்ணன்தான் பரவாயில்ல குடுன்னாக. நம்பலன்னா கேளுங்க."

எல்லாரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் வெற்றிலையில் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். "வெளிய வா, சொல்றேன்" என்றார்.

வாசலுக்கு வந்தோம். ஏன் என்று கேட்டேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"வேணாம்னு சொன்னா நீ கேக்குற ஆளா? ரெண்டு தடவை நடுரோட்டுல நின்னா நீயே அலுத்துப்போயி விட்ருவன்னு நெனச்சேன். நீ கார்ல போற, பின்னாடியே நான் ஸ்கூட்டர்ல வாரேன். நாலு பேரு பாக்குறாகல்ல?"

கருவைக் காட்டில் நான் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதெல்லாம் இவரிடம்தான் பேசினேன். பத்திரமா இரு என்று இவர்தான் சொன்னார். என் ஓட்டுதலைப் பற்றி ஊர் சிரித்தபோது, உண்மை தெரிந்த ஒரே ஆள் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் நான் தப்பான ஆளின் வாசலில் கியரை மாற்றியிருக்கிறேன்.

காரில் ஏறிக் கதவுகளை உள்ளிருந்து பூட்டினேன். அவர் சுற்றிவந்து மறுபக்கக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். கண்ணாடியைத் தட்டினார். உள்ளே ஜமக்காளத்தில் இருந்தவர்கள் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். கொழுந்தனும் வந்து நின்றார். நான் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினேன்.

"தம்பி, ஒங்க அண்ணனை ஒங்க வண்டியில கூட்டிட்டு வாங்க. நல்ல வண்டியாப் பாத்து ஏத்துங்க" என்றேன்.

பங்காளிகள் பார்க்க முதல் கியரைப் போட்டேன். வண்டி நான் கேட்டதும் கிளம்பியது. குன்றக்குடி தாண்டும்வரை, இப்போது வருத்தம் வரும், இப்போது அழுகை வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வரவில்லை.