கூரையில் தொங்கிய சட்டைகள்

சுரங்க அலுவலகக் கோப்பில் அவளைப் பற்றி இரண்டு வரிகள் உண்டு: "இறந்த தொழிலாளியைச் சார்ந்து வாழ்ந்தவர். இலகுவான பணிக்கு ஏற்றவர்." இரண்டுமே தப்பு. யார் யாரைச் சார்ந்து வாழ்ந்தார்கள் என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். சட்டைப் பொத்தான் அறுந்தால் "ஏய், இங்க வா" என்று கூப்பிடுவதைத் தவிர வேறு வழி தெரியாத மனுஷன் அவள் புருஷன். ஒழுகும் கூரை, அவன் அம்மாவின் முழங்கால் வலி, அவனுடைய முன்கோபம், அதனால் பக்கத்து வீட்டோடு வந்த வாய்ச்சண்டை என்று எல்லாம் அவள் தலையில். கரி வெட்டுவது மட்டும் அவன் பொறுப்பு. அந்த ஒரு வேலைக்குப் போன இடத்தில்தான், ஒருநாள் கீழே வாயு வெடித்து, அவனும் அவனோடு இறங்கியவர்களும் திரும்பவில்லை.

அவளுக்குக் கிடைத்த இலகுவான பணி, உடை மாற்றும் கூடத்தைக் கழுவுவது. அங்கே அலமாரி கிடையாது. ஒவ்வொருவருக்கும் கூரையிலிருந்து ஒரு சங்கிலி, நுனியில் ஒரு கொக்கி. வேலையில் சேர்ந்ததால் அவளுக்கும் மூலையில் ஒன்று. வீட்டு உடையை அதில் மாட்டி, உச்சிக்கு இழுத்து ஏற்றி, சங்கிலியைச் சுவரில் கட்டிவிட்டு ஆட்கள் கீழே இறங்குவார்கள். அண்ணாந்து பார்த்தால், உடம்பில்லாத ஒரு பெருங்கூட்டம் மேலே நின்று வேடிக்கை பார்ப்பதுபோல இருக்கும். கீழே தரையில் கரிச்சேறு. தேய்த்து முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். இலகு என்று எழுதியவர் துடைப்பத்தைப் படத்தில் பார்த்திருக்கலாம்.

அந்தக் கூடத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருத்தர் சங்கிலியை இன்னொருத்தர் தொடக்கூடாது. அதனால் செத்தவர்களின் உடைகள் மாதக்கணக்கில் மேலேயே இருந்தன. அவற்றில் அவள் புருஷனின் நீலச் சட்டையும் ஒன்று.

கண்காணிப்பாளர் ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, திங்கக்கிழமை புது ஆளுங்க வர்றாங்க. அந்தத் துணியெல்லாம் இறக்கி மூட்டை கட்டிடு. வாசல்லதான் கல்லு வெச்சிருக்கோமே, நினைவுக்கு அது போதாதா?"

கல் நல்ல கல்தான். பெயர்களெல்லாம் எழுத்துப் பிழையில்லாமல் இருந்தன. என்ன, அதன் பக்கம் யாரும் போவதில்லை.

வீட்டில் மாமியாரிடம் சொன்னாள்.

"அது தொங்குற வரைக்கும் அவன் ஷிப்டுல இருக்கான்னு நெனச்சுக்கிறேன். அதுலயும் கை வெக்கப் போறியா?"

"ஆபீஸ்ல சொல்லிட்டாங்க அத்தை."

"ஆபீஸ் சொன்னா என்னையும் மூட்டை கட்டிடுவ."

"அவ்ளோ பெரிய சாக்கு அவங்ககிட்ட இல்ல அத்தை."

மாமியார் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை.

அவளுக்கோ அதை இறக்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. தலைக்கு மேல் புருஷன் சட்டை ஆட, அதன் கீழே குனிந்து தேய்ப்பது அலுத்துவிட்டது. அழுவதுகூட அலுத்துவிட்டது.

மறுநாள் வேலையை ஆரம்பித்தாள். எல்லாச் சங்கிலியும் ஒரே துரு, ஒரே கறுப்பு. முதலில் அவிழ்த்ததே தப்பான சங்கிலி, அது அவளுக்குத் தெரியவில்லை. இறங்கி வந்த உடையை மடித்து பெஞ்சில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். ஷிப்டு முடிந்து மேலே வந்த, பாறையில் துளை போடும் துளைக்காரர் ஒருவர், செத்தவர்கள் துணியோடு தன் சட்டையும் மடித்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யக்கா... நான் மேல வந்துட்டேன்ல?"

"வந்துட்டீங்கண்ணே. கை தவறிடுச்சு."

"நல்லாத் தெரியுமா?"

"செத்திருந்தா இப்படிக் கேள்வி கேப்பீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். துளைக்காரர் தன்னுடைய உடையைத் தானே மறுபடி உச்சிக்கு ஏற்றி, தானே இறக்கி, அதற்கப்புறம்தான் போட்டுக்கொண்டார். பிறகு சிரித்தவர்களே கூடிப் பேசி முடிவுக்கு வந்தார்கள்: இனி அவள் சங்கிலியைத் தொட வேண்டாம், செத்தவர் உடையை அந்தந்த வீட்டு ஆட்களே வந்து இறக்கட்டும்.

வந்தார்கள். ஒரு தங்கை இழுக்கத் தெரியாமல் இழுத்து, உடை மொத்தமும் அவள் தலையிலேயே விழுந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். ஒரு அப்பா இறக்கிய சட்டையின் பையில் துழாவி, "பீடிய விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணான் திருட்டுப்பய" என்று திட்டியபடி ஒன்றை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டார். மாமியார் மட்டும் வரவில்லை.

திங்கட்கிழமை கண்காணிப்பாளர் அண்ணாந்து பார்த்தார்.

"அது ஒண்ணு ஏன் இன்னும் தொங்குது?"

"அது என் கொக்கி சார்."

"உன் கொக்கி அந்த மூலையில இல்ல இருந்துச்சு?"

"அத புது ஆளுக்குக் குடுத்துட்டேன். வேலை பாக்குற ஆளுக்கு ஒரு கொக்கின்னு நீங்கதான சொன்னீங்க. நானும் வேலை பாக்குறேன்."

"அதுல ஆம்பளச் சட்டை தொங்குதேம்மா."

"என் கொக்கில எந்தச் சட்டைய மாட்டணும்னு சட்டம் ஏதாவது இருக்கா சார்?"

அவர் யோசித்தார். எல்லாவற்றுக்கும் சட்டம் வைத்திருந்த அலுவலகம் இதை எப்படியோ விட்டிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய், "அங்கதான் இருக்கு அத்தை, எந்திரிச்சு சாப்பிடுங்க" என்றாள். மாமியார் எழுந்து உட்கார்ந்து, உப்புக் குறைவு என்றாள்.

அந்தச் சுரங்கத்தை மூடும் வரை அவள் தன் மாற்று உடையைத் துடைப்ப அறைக் கதவின் ஆணியில் மாட்டிவிட்டு, கணவன் சட்டைக்குக் கீழே தரையைக் கழுவினாள்.