மோட்டார் கொட்டகையில் வைத்த சர்வர்

மகள் கல்யாணப் பத்திரிகையை வெப்சைட்டாகப் போட்டு லிங்க் மட்டும் அனுப்பியவன், தஞ்சாவூர் ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான்.

வாடகை சர்வர் எடுக்கச் சொன்னார் மச்சான். வீட்டில் சோறிருக்க ஓட்டலுக்கு எதற்கு என்றேன். பழைய கம்ப்யூட்டரை வயல் மோட்டார் கொட்டகையில் வைத்தேன், அங்கே கரண்ட் இலவசம். ஆனால் பகலில் சில மணி, ராத்திரியில் சில மணி என்று முறை வைத்துத்தான் விடுவார்கள். மோட்டார் நின்றால் வெப்சைட்டும் நின்றுவிடும்.

இன்று திருவாரூர் பஸ்ஸில் கூத்தாநல்லூர் பாய், முப்பது வருடச் சிநேகிதர், பக்கத்தில் உட்கார்ந்தார். கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று உரிமையோடு சண்டை போட்டேன்.

"நாலு தடவ தொறந்தேங்க, ஒண்ணும் வரல. எப்படியும் நேர்ல வந்து அழைப்பீங்கன்னு இருந்துட்டேன்" என்றார்.



சொந்த சர்வர் நல்லதா என்று கேட்கிறவர்கள் பிறகு கேளுங்கள். கல்யாணம் முடிந்தபின் ஒருவர் வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு அழைக்கப் போனால், உள்ளே விடுவார்களா?